கேஸ் நிராகரித்த பிறகு திருப்பி அனுப்புவது சட்டம்தானே? ஐரோப்பாவின் புதிய ஒழுங்குவிதி பற்றி ஒரு கேள்வி

#1 பனங்குருத்து

வணக்கம் உறவுகளே. கன நாளுக்குப் பிறகு ஒரு இழை திறக்கிறேன். கல்லெறியாமல் கடைசிவரை வாசியுங்கள்.

தங்கும் உரிமை இல்லாதவர்களைத் திருப்பி அனுப்புதல் பற்றி 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் (ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகம்) ஒரு ஒழுங்குவிதியை முன்வைத்தது தெரிந்திருக்கும். 2008 முதல் இருக்கிற பணிப்புரையை (ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக எழுதிக்கொள்ளும் பொது விதி) எடுத்துவிட்டு எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டம். ஒரு நாடு எடுத்த வெளியேற்ற முடிவை இன்னொரு நாடு ஏற்று நடத்தலாம். தடுப்புக்காவல் அந்தப் பணிப்புரையில் அதிகபட்சம் 18 மாதம், அதை 24 ஆக்கக் கேட்டிருக்கிறார்கள். சொந்த நாட்டுக்கு அனுப்ப முடியாவிட்டால், ஒப்பந்தம் செய்த வேறொரு நாட்டில் ஒரு மையம் வைத்து அங்கே அனுப்பலாம்.

இதைத் திட்டி முகநூலில் நம் ஆட்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். நான் வந்து 24 வருடம். என் புகலிடக் கேஸ் நாலரை வருடம் இழுபட்டது. முதல் நிராகரிப்பு, பிறகு மேன்முறையீட்டில் வென்றேன். தோற்றிருந்தால் பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும், அதுதானே விதி? வெளியேறச் சொன்னவர்களில் ஐந்தில் ஒருவர்தான் உண்மையில் வெளியேறுகிறார் என்று ஆணையமே சொல்கிறது. மற்ற நாலு பேருக்கும் அந்த உத்தரவு வெறும் காகிதமா? 'சட்டத்தின் ஆட்சி' என்று இரண்டு பக்கமும் கத்துகிறது. யார் சொல்வது சரி?

எங்கள் வீட்டு மேல்மாடியில் ஒரு தம்பி வாடகைக்கு இருக்கிறார். இரண்டு தடவை நிராகரிப்பு. பனி கொட்டினால் எனக்கு முதல் எழும்பி வாசலை வழித்துவிடுவார். அவரை வைத்துத்தான் இந்தக் கேள்வியே வந்தது. மனம் ஒன்று சொல்கிறது, விதி ஒன்று சொல்கிறது.

#2 கடலோரம்

பனங்குருத்து அண்ணா, துணிந்து எழுதியதற்கு நன்றி. இங்கே இதைச் சொன்னாலே துரோகிப் பட்டம்தான்.

என் கருத்து எளிது. உண்மையான அகதிக்கு இடம் வேண்டும் என்றால், அகதி இல்லை என்று தீர்ந்தவர் போக வேண்டும். ஆட்களைக் களவாகக் கூட்டிவரும் ஏஜென்சிக்காரன் விற்பதே "போய் இறங்கினால் போதும், பிறகு ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்கள்" என்ற வசனத்தைத்தான். காணி விற்று, நகை விற்று வருகிறார்கள். அனுப்பத் தொடங்கினால் அந்த வியாபாரம் படுத்துவிடும்.

#3 கோப்புக்கட்டு

புகலிடக் கோரிக்கைகளுக்கான சட்ட உதவி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். சட்டத்தரணி இல்லை, கோப்புப் பார்ப்பவள். அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

அண்ணா கேட்ட கேள்விக்கு நேரான பதில்: ஆம், திருப்பி அனுப்புவது சட்டப்படி சரிதான். 1951 அகதிகள் உடன்படிக்கையும் வந்தவர் எல்லாரையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. துன்புறுத்தல் காத்திருக்கும் இடத்துக்கு அனுப்பாதே என்கிறது. ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை இன்னும் இறுக்கம். சித்திரவதை ஆபத்து உண்மையில் இருந்தால் ஒருவர் குற்றவாளியாக இருந்தாலும் அனுப்ப முடியாது, விதிவிலக்கே கிடையாது.

இந்த இரண்டு வேலிக்கும் உள்ளே அரசுக்கு நிறைய இடம் இருக்கிறது. 2008 பணிப்புரையை முழுதாக வாசித்தால் அது அனுப்புவதற்கான கைநூல் என்று தெரியும். முடிவை எழுத்தில் கொடு, காரணம் சொல், மேன்முறையீட்டுக்கு வழி சொல், தானாகப் போக 7 முதல் 30 நாள் கொடு. தப்பி ஓடுவார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் அந்த நாட்களைக் குறைக்கலாம். தடுத்து வைப்பது கடைசி வழி. அனுப்பவே முடியாது என்று தெரிந்துவிட்டால் தடுப்பில் வைத்திருக்கக் கூடாது.

சண்டை வருவது இந்தச் சின்னச் சின்னப் படிகளில்தான். ஒரு உதாரணம்.

1999, பெல்ஜியத்தின் கென்ட் நகரம். ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ரோமா குடும்பங்களுக்குப் பொலிஸிடமிருந்து கடிதம். உங்கள் புகலிடக் கோப்பைப் பூர்த்தி செய்ய வேண்டும், ஒக்டோபர் முதலாம் தேதி நிலையத்துக்கு வாருங்கள். போனார்கள். வாசலைத் தாண்டியதும் வெளியேற்ற உத்தரவைக் கையில் கொடுத்து அங்கேயே பிடித்தார்கள். நாலு நாள் கழித்து 70 பேர் அளவில் ஒரே விமானத்தில் ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன் ஒவ்வொருவருடைய கையிலும் ஆசன இலக்கத்தை எழுதினார்கள். கையில்.

2002 பெப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் (ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்) பெல்ஜியத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவர்களுக்குத் தங்கும் உரிமை இருந்ததா என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை. விசா முடிந்தவரைக்கூட அரசாங்கக் கடிதத்தால் ஏமாற்றிப் பிடிப்பது அநியாயமான தடுப்பு என்றது. ஆளாளின் கதையைத் தனித்தனியாகப் பார்க்காமல் கூட்டமாக ஏற்றியதும் பிழை என்றது.

அந்தக் கடிதம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். இன்றைக்கும் "அழைப்புக் கடிதம் வந்திருக்கு, போகலாமா, பிடிச்சுப்போடுவாங்களா?" என்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள். அரசாங்கம் ஒரு தடவை கடிதத்தில் பொய் சொன்னால் அடுத்த ஆயிரம் கடிதத்துக்கு ஒருவரும் வர மாட்டார்கள். ஓடி ஒளிகிறார்கள் என்று பிறகு புள்ளிவிவரம் போடுவார்கள்.

#4 கடலோரம்

அக்கா, பெல்ஜியம் செய்தது கேவலம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது 1999. இப்போதைய நிலைமை வேறு.

ஸ்ட்ராஸ்பூர்க்கையே எடுப்போம். 2020 பெப்ரவரியில் ஸ்பெயின் வழக்கு. ஆபிரிக்கக் கரையில் ஸ்பெயினுக்குச் சொந்தமான மெலில்லாவின் எல்லை வேலியில் கூட்டமாக ஏறிக் குதித்தவர்களை அந்த இடத்திலேயே மொரோக்கோவிடம் கையளித்தார்கள். பிழையில்லை என்று அந்த நீதிமன்றத்தின் உச்ச அமர்வான பெரிய ஆயமே சொல்லிவிட்டது. முறையான வழி இருக்க அதைவிட்டு வேலியில் ஏறினால் அது உன் பொறுப்பு என்றது. அப்போ நீதிமன்றமும் அரசு பக்கம் நிற்கும், நம் ஆட்கள் அதைப் பகிர மாட்டார்கள்.

இன்னொன்று. சனம் வாக்குப் போட்டுத் தெரிந்த பாராளுமன்றம் ஒரு சட்டம் போடுகிறது. மூன்று நீதிபதி அதை நிறுத்துகிறார்கள். இதுவா சட்டத்தின் ஆட்சி? இது நீதிபதிகளின் ஆட்சி.

#5 கோப்புக்கட்டு

ஸ்பெயின் தீர்ப்புப் பற்றிச் சொன்னது சரி. எனக்கு அந்தத் தீர்ப்புப் பிடிக்காது, ஆனால் தீர்ப்புத்தான்.

பாராளுமன்றம் பற்றிக் கேட்டதற்கு பிரித்தானியா செய்ததைப் பாருங்கள், ஒன்றியத்துக்கு வெளியே என்றாலும். 2022 ஏப்ரலில் ருவாண்டாத் திட்டம் அறிவித்தார்கள். படகில் வந்தவரை 6,500 கிலோமீற்றர் தள்ளி அனுப்பி, அங்கேயே கேஸ் பார்ப்பது. ஜூனில் முதல் விமானம் ஓடுபாதையில் நின்றபடியே நின்றுபோனது. 2023 நவம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள்.

காரணத்தைக் கவனியுங்கள். மூன்றாவது நாட்டுக்கு அனுப்புவதே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. ருவாண்டா கேஸ்களைச் சரியாகப் பார்க்குமா என்று ஆதாரத்தைக் கிண்டினார்கள். சிரியா, ஆப்கானிஸ்தான், யேமன் ஆட்களின் கோரிக்கைகளை அங்கே நூற்றுக்கு நூறு நிராகரித்திருந்தார்கள். இஸ்ரேல் முன்பு அங்கே அனுப்பியவர்களுக்கு நடந்ததும் நீதிபதிகளின் முன்னால் ஆதாரமாக இருந்தது. அங்கிருந்து மறுபடி ஆபத்துக்குள் தள்ளப்படும் அபாயம் உண்மையில் இருக்கு என்று முடிவுக்கு வந்தார்கள்.

அதற்குப் பாராளுமன்றம் என்ன செய்தது? 2024 ஏப்ரலில் ஒரு சட்டம்: ருவாண்டா பாதுகாப்பான நாடு என்றே எல்லா முடிவெடுப்பவரும் கொள்ள வேண்டும். கடலோரம், சனம் வாக்குப் போட்டால் சட்டத்தை மாற்றலாம், மறுப்பில்லை. வெளியே மழை பெய்கிறதா இல்லையா என்பதையும் வாக்குப் போட்டுத் தீர்மானிக்கலாமா? ஜன்னலைத் திறந்து பார்க்கும் ஆளைத்தான் நீதிபதி என்கிறோம்.

முடிவில் 2024 ஜூலையில் புது அரசு திட்டத்தைக் கைவிட்டது. 70 கோடி பவுண் செலவு என்று உள்துறைச் செயலர் பாராளுமன்றத்தில் சொன்னார். போனவர்கள் நாலு பேர், அதுவும் தாமாக விரும்பிப் போனவர்கள்.

இத்தாலி அல்பேனியாவில் கட்டிய முகாமுக்கும் இதே கதை. 2024 ஒக்டோபரில் 16 பேரை ஒரு கடற்படைக் கப்பலில் கொண்டுபோனார்கள், சில நாளிலேயே எல்லாரையும் திரும்ப இத்தாலிக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2025 ஓகஸ்டில் லக்சம்பேர்க் நீதிமன்றம் (ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்) சொன்னது: ஒரு நாட்டைப் பாதுகாப்பானது என்று பட்டியல் போடலாம், ஆனால் எந்த ஆதாரத்தில் போட்டாய் என்பதை சம்பந்தப்பட்டவரும் நீதிபதியும் பார்க்க முடிய வேண்டும்.

#6 இருமொழி

நான் தமிழ்நாட்டில் பிறந்தவள், இங்கே விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். கோப்புக்கட்டு சொன்ன "சின்னப் படி" எது என்று என் சொந்தத் தப்பிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயதிருக்கும். விசாரணையில் அவர் சொன்னது: "மூன்று மாதம் மறியலில் இருந்தேன்." எங்கள் ஊரில் மறியல் என்றால் சாலை மறியல், ரயில் மறியல். ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போடுவது. நான் யோசிக்கவே இல்லை. மூன்று மாதம் போராட்டத்தில் கலந்துகொண்டார் என்று மொழிபெயர்த்துவிட்டேன்.

அதிகாரி கேட்டார், யாரை எதிர்த்து? நான் அதைத் தமிழில் கேட்டேன். அவர் குழம்பிப்போய், "நான் ஒருத்தரையும் எதிர்க்கேல்லை" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி கீபோர்டில் வேகமாக ஏதோ தட்டுவது கேட்டது. முன்னுக்குப் பின் முரண்.

நல்லவேளை, விசாரணை முடிந்ததும் எழுதியதையெல்லாம் தமிழில் வாசித்துக்காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கும் முறை அங்கே இருந்தது. ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், எல்லாருக்கும் களைப்பாக இருக்கும். அந்தப் பக்கம் வந்ததும் நான் "போராட்டத்தில் கலந்துகொண்டேன்" என்று வாசித்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஐயோ அக்கா, போராட்டம் இல்லை, மறியல்! பூசாவில அடைச்சு வைச்சிருந்தவங்கள்!" சிறையில் மூன்று மாதம். அவருடைய கேஸின் உயிரே அதுதான்.

திருத்தி எழுத வைத்தேன், முகம் சுண்டிப்போய். இன்றைக்கு இலங்கைத் தமிழுக்கு என்று தனி நோட்டு வைத்திருக்கிறேன்: மறியல், இயக்கம், பெடியள், சென்றி, சுற்றிவளைப்பு.

வேகப்படுத்துகிறோம் என்று வரும்போதெல்லாம் நான் பார்த்தவரை முதலில் கை வைப்பது அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான். சுருக்கமாக வாசியுங்கள், நேரமில்லை, முக்கியமானதை மட்டும் என்பார்கள். எது முக்கியம் என்று எனக்கு எப்படித் தெரியும்? மறியல் முக்கியம் என்று எனக்குத் தெரிந்திருந்தால் தப்பே நடந்திருக்காதே.

#7 பனங்குருத்து

இருமொழி அக்கா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் விசாரணையில் யார் மொழிபெயர்த்தார் என்றே ஞாபகம் இல்லை. முதல் நிராகரிப்பில் "முரண்பாடு" என்று ஒரு பந்தி இருந்தது மட்டும் ஞாபகம்.

கோப்புக்கட்டு, ஒரு கேள்வி. நம்மவரை அனுப்பி, பிறகு அனுப்பியது பிழை என்று ஏற்றுக்கொண்ட கேஸ் உண்மையில் இருக்கா? கதை கதையாகக் கேட்டிருக்கிறேன், ஆதாரத்தோடு கேட்டதில்லை.

#8 கோப்புக்கட்டு

இருக்கு. மூன்று சொல்கிறேன், மூன்றும் ஒரே மாதிரி முடியவில்லை.

முதலாவது 1987. ஐந்து தமிழ் இளைஞர்கள் பிரித்தானியாவில் புகலிடம் கேட்டார்கள். மறுப்பு. வழக்கு அப்போது அங்கே கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. 1988 பெப்ரவரியில் அனுப்பினார்கள். அப்போதைய விதிப்படி நாட்டை விட்டுப் போன பிறகுதான் முழு மேன்முறையீடு செய்யலாம். அவர்கள் இலங்கையில் இருக்க, மேன்முறையீடு லண்டனில் நடந்தது. 1989இல் வென்றார்கள். அந்த ஒக்டோபரில் பிரித்தானியா அவர்களைத் திரும்ப உள்ளே எடுத்தது. இடையில் போனது ஒன்றரை வருடத்துக்கு மேல், சிலர் அங்கே அடியும் வாங்கினார்கள். இவ்வளவுக்கும் பிறகு 1991இல் ஸ்ட்ராஸ்பூர்க் சொன்னது, பிரித்தானியா உடன்படிக்கையை மீறவில்லை என்று! அனுப்பிய நேரத்தில் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் ஆபத்து வெறும் சாத்தியம் அளவில்தான் இருந்தது என்றது. கடலோரம், இதையும் நம் ஆட்கள் பகிர்வதில்லை.

இரண்டாவது 2008 ஜூலை, மறுபடி பிரித்தானியாவுக்கு எதிராக. இந்த முறை அனுப்புவதற்கு முன்பே தமிழர் வென்றார். தமிழர் எல்லாரையும் அனுப்பக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. முன்பு கைதான பதிவு, உடம்பில் தழும்பு, லண்டனிலிருந்து திரும்புவது, களவாக வெளியேறியது, புகலிடம் கேட்டது, புலிகள் இயக்கத்தில் இருந்த உறவினர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் சின்னதாகத் தெரியும், சேர்த்துப் பார் என்றது. நான் கோப்பைத் திறந்ததும் தேடுவது இன்றும் இதைத்தான். அதன் பிறகு நிலைமை மாறி, பட்டியலும் மாறிவிட்டது, ஆனால் பார்க்கும் முறை அதே.

மூன்றாவது சுவிஸ். 2013இல் அனுப்பிய இரண்டு தமிழர்களைக் கொழும்பு விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போனவர். சுவிஸ் அந்தச் செப்டெம்பரில் இலங்கைக்கு அனுப்புவதை நிறுத்தியது. தன் கோப்புகளைத் தானே வெளியாட்களிடம் கொடுத்து ஆராயச் சொன்னது. பேர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் கேலின் அதில் ஒருவர். கேஸ்களைக் கையாண்டதில் பிழை நடந்திருக்கு என்று 2014இல் அறிக்கை வந்தது. குடும்பத்தோடு போன அவர் சிறையிலிருந்து வந்த பிறகு சுவிஸ் விசா கொடுத்துக் கூப்பிட்டுப் புகலிடமும் கொடுத்தது. 2017 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பும் சுவிஸுக்கு எதிராக வந்தது.

சுவிஸ் பிழையை ஒத்துக்கொண்டது பெரிய விஷயம், மறைக்கவில்லை. அதற்குள் ஒரு மனிதர் சிறைக்குப் போய் வந்துவிட்டார், அதுதான் இடிக்கிறது. வரிப் பிழை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அதனால்தான் முடிவு வரும்வரை விமானத்தை நிறுத்தி வை என்று ஒற்றைக்காலில் நிற்கிறோம். புதிய ஒழுங்குவிதியில் நான் பேனாவோடு உட்கார்ந்து வாசிப்பது அந்தப் பகுதியைத்தான்: மேன்முறையீடு போட்டால் அனுப்புவது தானாக நிற்குமா, அல்லது ஒவ்வொருவரும் நீதிபதியிடம் தனியாகக் கேட்க வேண்டுமா? தானாக நிற்காது, கேட்க வேண்டும் என்றே ஆணையத்தின் முன்வரைவு போகிறது.

#9 வெயில்காலம்

இடையில் ஒரு சந்தேகம். கோர்ட்டுதான் தடை என்றால் ஐந்தில் நாலு பேரும் கோர்ட்டாலா நிற்கிறார்கள்?

#10 கோப்புக்கட்டு

நல்ல கேள்வி. இல்லை. பெரும்பாலும் முட்டுப்படுவது சொந்த நாட்டின் தூதரகத்தில். கடவுச்சீட்டு இல்லாதவரை "இவர் எங்கள் ஆள்" என்று ஏற்று ஒரு தற்காலிகப் பயணப் பத்திரம் கொடுத்தால்தான் விமானத்தில் ஏற்றலாம். பல நாடுகள் கொடுப்பதில்லை, இழுத்தடிக்கும். அதற்காகத்தான் மீளேற்பு உடன்படிக்கை போடுகிறார்கள். இலங்கையோடு 2005இலிருந்தே இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் இதை முதலில் போட்ட நாடுகளில் அதுவும் ஒன்று. ஆகவே மற்ற நாட்டுக்காரர் நிற்கிறார்கள், நாமும் நிற்கலாம் என்று நம் ஆட்கள் நினைத்தால் கணக்குப் பிழைக்கும்.

தடுப்புக்காவலை 24 மாதம் ஆக்கினாலும் தூதரகம் பத்திரம் தராவிட்டால் தராது. கூடுதல் ஆறு மாதம் அடைத்து வைத்ததுதான் மிச்சம்.

#11 கடலோரம்

தூதரக விஷயம் எனக்குத் தெரியாது. சுவிஸ் கதையும் தெரியாது. சரி.

ஆனால் முழுதாக மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எல்லாப் படியும் ஏறி, மொழிபெயர்ப்பும் சரியாக நடந்து, மேன்முறையீடும் தோற்றால்? அப்போதும் "மனிதாபிமானம்" என்று கொடி பிடிப்பார்களே, அதற்கு என்ன பதில்?

#12 கோப்புக்கட்டு

அப்போது போகத்தான் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் நாங்களே சொல்கிறோம், வாய்க்கு வராமல் சொல்கிறோம். கைவிலங்கோடு போவதை விட, ஐஓஎம் (சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு) மூலம் உதவிப் பணத்தோடு தானாகப் போகும் வழியை முதலில் விளக்குவோம். கேட்டுவிட்டு அழுதவர்களும் உண்டு, அடுத்த கிழமை நம்பரை மாற்றியவர்களும் உண்டு. கொடி பிடிப்பவர்களைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை, அவர்கள் கோப்புப் பார்ப்பதில்லை.

#13 பனங்குருத்து

நேற்று இரவு மேல்மாடித் தம்பியோடு கதைத்தேன். இந்த இழையில் வாசித்ததை வைத்து, உன் முடிவில் என்ன காரணம் எழுதியிருக்கு என்று கேட்டேன். தெரியாது என்றார். கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். உள்ளே கடிதங்கள். மேலே கிடந்த மூன்றும் உறையே கிழிக்கவில்லை. "அந்த முத்திரையைக் கண்டாலே வயிற்றைப் புரட்டும் அண்ணை, அதுதான் திறக்கேல்லை."

அவர் சொல்லிக் கடைசிக் கடிதத்தை நான் திறந்தேன். வெளியேறும் உத்தரவு. 7 நாள் என்று இருக்கிறது. போகாவிட்டால் நுழைவுத் தடை. ஆறு பக்கமும் இந்த நாட்டு மொழியில். நான் இத்தனை வருடம் இங்கே இருந்தும் பாதிதான் விளங்கியது.

#14 கோப்புக்கட்டு

அண்ணா, அந்த உறையை எறிய வேண்டாம். கடிதத்தை விட அது இப்போது முக்கியம். எந்தத் தேதியில் கையளித்ததாகக் கணக்கு என்பதை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள், மேன்முறையீட்டு நாட்கள் அதிலிருந்து ஓடும். நாட்டுக்கு நாடு அந்தக் காலம் மாறும், கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

மற்றது, 2008 பணிப்புரையின் 12ஆம் உறுப்புரைப்படி, கேட்டால் முடிவின் முக்கிய பகுதிகளை அவருக்கு விளங்கும் மொழியில் எழுத்திலோ வாய்மொழியிலோ தர வேண்டும். கேட்டால்தான் தருவார்கள். நாளைக்கே கேட்கச் சொல்லுங்கள். மிச்ச இரண்டு கடிதத்தையும் திறக்கச் சொல்லுங்கள், அவர் கையாலேயே. பெயர், கோப்பு இலக்கம் எதையும் இங்கே போட வேண்டாம்.

#15 இருமொழி

அதுவரைக்கும் நான் போனில் வாசித்துச் சொல்கிறேன். தனிமடல் போடுங்கள். அவர் எந்த ஊர்த் தமிழ் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நோட்டை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

#16 கடலோரம்

முத்திரைத் தேதி என்ன அண்ணா?

#17 பனங்குருத்து

மழையில் நனைந்து மை பரவியிருக்கு. 14 மாதிரியும் தெரியுது, 19 மாதிரியும் தெரியுது. தம்பி வெளியே போயிருக்கிறார், வந்ததும் இரண்டு பேருமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். இருமொழி அக்கா, தனிமடல் போட்டிருக்கிறேன். வடமராட்சித் தமிழ்.